புதன், வியாழன், சனி

அந்தக் காலத்தில் போர்ட் பிளேரில் எல்லார் வீட்டிலும் காலண்டர் தொங்கியது. ஆனால் நாள் குறித்தது கப்பல் நோட்டீஸைப் பார்த்துத்தான். கல்யாணம், காதுகுத்து, லீவு, பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்புவது, எதுவானாலும் அபர்டீன் பஜார்ப் பலகையில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றைத் தாள் என்ன சொல்கிறது என்று முதலில் போய்ப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் கப்பல் எந்த நாள், எந்த மணி, எந்த ஜெட்டி. அந்தத் தாளை அடித்தவன் நான். பதினோரு வருஷம் அடித்தேன்.

கப்பல் டிக்கெட் கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மிஷினில் மாட்டி, கையால் சுற்றி நாற்பது பிரதி எடுப்பேன். பஜாருக்கு நாலு, மற்ற தீவுகளுக்குப் போகும் போட்டுகளுக்கு ஒவ்வொரு கட்டு, மீதி ஆபீஸ் கதவிலும் ஜெட்டியிலும். ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரிந்தாலும் அணைந்தாலும் என் விரலைக் கேட்டுத்தான் என்று அந்த வயதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. இன்று நினைத்தால் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

கப்பல் சொன்ன நாளில் கிளம்பியதாக எனக்கு நினைவே இல்லை. ஒரு பயணத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை நாள் மாறும். மாறினால் புது ஸ்டென்சில் வெட்ட மாட்டோம். ஸ்டென்சிலும் கப்பலில்தானே வர வேண்டும். பழைய ஸ்டென்சிலில் நாள் இருக்கும் இடத்தில் மட்டும் தப்பை அழிக்கிற சிவப்பு மருந்தைத் தடவி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் புது நாளை அடிப்பேன். மற்றதெல்லாம் அதே வரிகள், அதே எழுத்து, அதே கையெழுத்து. முதலில் வந்த தாளையும் மூன்றாவதாக வந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நாள் வேறு என்பது தெரியும். எது முந்தியது எது பிந்தியது என்பது அடித்த எனக்கே தெரியாது.

அதனால் ஆபீஸ் ஃபைலில் வைக்கும் பிரதியில் மட்டும் வலது மூலையில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி வட்டம் போட்டு வைப்பேன். நாங்கள் குழம்பக் கூடாதில்லையா!

ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்த எண்ணை ஸ்டென்சிலிலேயே அடித்துவிட்டேன். 'திருத்தம் இரண்டு, முந்தைய அறிவிப்பு செல்லாது' என்று ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் ஒரு வரி. எங்கள் ஹெட் கிளார்க்கை எல்லாரும் படா பாபு என்போம். அவரும் தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"என்னய்யா இது நம்பர்?"

"எது புதுசுன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்னு..."

"ஜனங்களுக்கு மட்டுமா தெரியும்? மேல இருக்கிற சாப்புக்கும் தெரியும். எத்தனை தடவை மாத்தினோம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? தலையெழுத்தா? சும்மா தேதியை மாத்திட்டு ஒட்டு. புதுசா ஒட்டினது புதுசு. இதுல ஜனங்களுக்குச் சொல்ல என்ன பெரிய மாலூமாத், தகவல்?"

அந்த வரியை மருந்து தடவி அழித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். பயமா என்றால் பயம்தான், நிரந்தர வேலை ஆகாத காலம். ஆனால் நிரந்தரம் ஆன பிறகும் எடுக்கவில்லையே. அதற்கு என்ன பேர் சொல்வது?

ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். இந்தத் தீவில் வருஷத்தில் பாதிக்குமேல் மழை. எந்தத் தாளும் பத்து நாளில் பழுப்பேறி, நுனி சுருண்டு, பூசணம் பிடித்துவிடும். ஒட்டியதை யாரும் கிழிப்பதும் இல்லை. சர்க்கார் காகிதத்தைக் கிழித்தால் கேஸ் போட்டுவிடுவார்கள் என்று ஒரு பயம். ஆகவே பலகையில் மூன்று நாலு நோட்டீஸ் சேர்ந்தே இருக்கும். அதில் எது வெள்ளையாக இருக்கிறதோ அது புதியது. எல்லாத் தீவிலும் இதுதான் கணக்கு. இன்னொன்றும் உண்டு. கப்பல் பிந்தத்தான் செய்யும். இரண்டு தாளில் எது தள்ளிய நாளைச் சொல்கிறதோ அதுதான் கடைசியாக வந்தது. நானே பஜாரில் நின்று, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

என் தங்கையை பாராடாங் தீவில் கொடுத்திருந்தேன். கொடுத்தது நான்தான், அப்பா இல்லாத குடும்பம். மாப்பிள்ளைக்கு அங்கே மரம் வெட்டும் கூப்பில் வேலை. படவுக் மரத்தை அறுக்கும் இடத்தில் மேஸ்திரி. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அமைதியான மனிதர், சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பார். என்னை மச்சான் மச்சான் என்று கூப்பிடும்போது கூடப்பிறந்தவன் போலத்தான் இருக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். கோடாலி வெட்டில் தெறித்த சிராய் ஒன்று அவருடைய இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. போட்டில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடிபட்ட கண்ணு போயிடுச்சு. அதை எடுத்தாகணும். எடுக்காம விட்டா சில பேருக்கு நல்ல கண்ணும் கூடச் சேர்ந்து கெட்டுப்போகும். இங்க அதைச் செய்ய இப்போ ஆள் இல்லை. ரெண்டு வாரத்துக்குள்ள மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில இருக்கணும். இந்தக் கப்பலை விட்டுடாதீங்க."

கப்பல் புதன்கிழமை என்று ஒரு தாள் ஏற்கெனவே ஒட்டியிருந்தது, நான் அடித்ததுதான். இரண்டு பேருக்கு பங்க் டிக்கெட், அடித்தட்டுப் படுக்கை, எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு பாராடாங் திரும்பினார். லீவு எழுதிக் கொடுக்க வேண்டும், என் தங்கையைக் கூட்டிவர வேண்டும். மற்றபடி அங்கே போகவேண்டிய அவசியம் இல்லை. ஜெட்டியில் அவர் ஏறும்போது, "ரெண்டே ரெண்டு நாள் மச்சான், போனேன் வந்தேன்னு வந்துடுவேன்" என்றார்.

அவர் போன அன்றே கப்பல் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. அப்போதுதான் மெயின்லாண்டிலிருந்து புது ரீம் தாள் வந்து பிரித்திருந்தோம். பால் வெள்ளை. அதில்தான் சனிக்கிழமை நோட்டீஸை அடித்தேன். மறுபோட்டில் அது பாராடாங் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்து, வியாழக்கிழமையிலிருந்து லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை மத்தியானம் படா பாபு ஒரு சீட்டோடு வந்தார். வங்கக்கடலில் காற்று கிளம்புகிறதாம், அதற்கு முன்னால் கப்பலை எடுத்துவிடப் போகிறார்களாம். சனிக்கிழமை இல்லை, வியாழக்கிழமை காலை. நான் வேலையில் இருந்த வருஷங்களில் கப்பல் முன்னால் வந்தது அந்த ஒரே தடவைதான்.

புது ரீமைப் படா பாபு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். நோட்டீஸுக்கு இந்தத் தாள் எதற்கு என்றார். பழைய கட்டில் அடியில் கிடந்த பழுப்புத் தாள்களை எடுத்துக்கொண்டேன். மருந்து தடவினேன், ஊதினேன், வியாழன் என்று அடித்தேன். ஃபைல் பிரதியில் பென்சிலால் மூன்று எழுதி வட்டம் போட்டேன். நன்றாக நினைவிருக்கிறது, பென்சில் முனை உடைந்து, சீவிவிட்டு எழுதினேன். அந்த நேரத்தில் இன்னொரு தாளில் தங்கைக்கு இரண்டு வரி எழுதியிருக்கலாம். 'வியாழன்தான் சரி, உடனே கிளம்பு.' அவ்வளவுதான். எழுத நினைத்தேன் என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை. நோட்டீஸே போகிறது, நானே அடித்தது, பிறகு தனியாகக் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை போட்டில் கட்டு போயிற்று. புதன்கிழமை சாயங்காலம் அதே போட் திரும்பி வருவதைப் பார்க்க ஜெட்டிக்குப் போனேன். ஆடு இறங்கியது, வாழைத்தார் இறங்கியது, மனிதர்கள் இறங்கினார்கள். அவர்கள் இறங்கவில்லை. போட் ஓட்டும் சேரங்கைப் பிடித்து உலுக்கினேன்.

"பாபு, நான் கேட்டேன். அந்த ஆளு ஷனிவார் ஜஹாஸ், சுக்கிரவார் போட்டுல வரேன்னு சொன்னான்." கப்பல் சனிக்கிழமைதானே, வெள்ளிக்கிழமைப் போட்டில் வருகிறேன் என்றாராம்.

"வியாழக்கிழமை காகிதத்தை ஒட்டலையா நீ?"

"ஒட்டினேனே. கல் ஷாம், நேத்து சாயங்காலம், மழையிலயே ஒட்டினேன். மூணும் பலகையில இருக்கு. எது நயா, எது பழசு, எனக்கு க்யா மாலூம்? எல்லாம் உங்க காகிதம்தானே?"

மூன்றும் பாராடாங் ஜெட்டிப் பலகையில் இருந்தன. புதன், பழுப்பு. வியாழன், பழுப்பு. சனி, வெள்ளை. புதன்கிழமை என்றார்கள், வியாழனுக்குத் தள்ளினார்கள், பிறகு சனிக்குத் தள்ளிவிட்டார்கள். இதில் யாருக்குச் சந்தேகம் வரும்? நானே அந்த ஜெட்டியில் நின்றிருந்தாலும் சனிக்கிழமை என்றுதான் அடித்துச் சொல்லியிருப்பேன். வியாழக்கிழமைத் தாள் பிந்தி வந்ததைப் பார்த்தவர்கள்கூட, சேரங் எங்கோ செருகி வைத்து மறந்த பழைய தாளை இப்போது கொண்டுவந்து ஒட்டுகிறான் என்று கேலி செய்திருக்கிறார்கள்.

போர்ட் பிளேரிலிருந்து பாராடாங்குக்கு அப்போது ரோடு கிடையாது. இருந்த ஒரே போட் என் கண் முன்னால் கட்டிக் கிடந்தது, மறுநாள்தான் போகும். படா பாபு வீட்டுக்கு ஓடினேன். ஒரு லாஞ்ச் கேட்டு யாரிடமாவது சொல்லுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். காற்று கிளம்பும்போது யாரும் லாஞ்ச் கொடுக்க மாட்டார்கள் என்றார். அது உண்மைதான். "நோட்டீஸ் போட்டோமில்ல? நம்ம பேர்ல தப்பு இல்லை" என்றும் சொன்னார். அதையும் உண்மை என்று அவர் நம்பினார்.

வியாழக்கிழமை காலை கப்பல் கிளம்பியது. இரண்டு பங்க் டிக்கெட்டும் என் சட்டைப்பையில் இருந்தன. கப்பலில் ஏணியைத் தூக்கும்போது, ஏதாவது அதிசயம் நடந்து ஒரு தோணியாவது வராதா என்று வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். படித்தவன்தான் நான், ஆனாலும் பார்த்தேன். பிறகு ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து வேறு ஏதோ டைப் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். தங்கை தலையில் டிரங்குப் பெட்டி, மாப்பிள்ளை கையில் ஒரு பை. காற்று ஆரம்பித்துவிட்டது, போட்டில் நனைந்து தொப்பலாக வந்தார்கள். கப்பல் போனதைச் சொல்ல சேரங்குக்கு மனம் வரவில்லை போலும். என் முகத்தைப் பார்த்ததும் தங்கைக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு உடனே புரியவில்லை. பைக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்தார். லீவு மனுவோடு பிறகு இணைக்கக் கேட்டார்கள் என்று, கிளம்பும் முன் பலகையிலிருந்து தண்ணீர் தடவி நோகாமல் உரித்து எடுத்து வைத்திருந்தாராம். சர்க்கார் காகிதம் கிழியாமல்.

"இது நீங்க அடிச்சதுதானே மச்சான்? சனிக்கிழமைன்னு போட்டிருக்கே. வெள்ளையாத்தானே இருக்கு?"

"ஆமா மாப்பிள்ளை."

"அப்போ அந்தப் பழுப்புதான் புதுசா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தார். அதில் எங்காவது எழுதியிருக்குமோ என்று ஒற்றைக் கண்ணால் தேடினார். பிறகு மடித்து வைத்துக்கொண்டு, "சரி விடுங்க, உங்க மேல என்ன இருக்கு" என்றார்.

"புதன்கிழமையே ஏறிடலாம்னு நான் சொன்னேன்ண்ணே" என்றாள் தங்கை. "லீவு நாளைக்குத்தானே ஆரம்பிக்குது, உங்க அண்ணன் வீட்டுல ரெண்டு நாள் கூடுதலா எதுக்குச் சிரமம் குடுக்கணும்னுட்டாங்க."

அடுத்த கப்பலுக்கு மூன்று வாரத்துக்குமேல் ஆகும். கல்கத்தாவுக்குப் போகும் விமானத்தில் இடம் கேட்டு நடையாய் நடந்தேன். அது பெரிய ஆபீஸர்களுக்கே கிடைக்காத இடம். போர்ட் பிளேரிலேயே டாலிகஞ்சில் என் வீட்டு முன்னறையில் அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், ஒவ்வொரு தடவையும் கப்பல் எப்போது என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை ஊரில் எல்லாரும் என்னிடம் கேட்பார்கள். அவர் கேட்கும்போது மட்டும் எனக்குச் செத்துவிடலாம் போலிருக்கும்.

பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, காலையில் மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"வெளியில மூடாப்பா இருக்கா மச்சான்?"

வெளியே சுள்ளென்று வெயில் அடித்தது. முற்றத்தில் உலர்த்திய மிளகாய் கண் கூசும்படி சிவந்து கிடந்தது. நான் "ஆமா மாப்பிள்ளை, மழை வரும்போல" என்றேன். உள்ளேயிருந்து தங்கை வெளியே வந்து வெயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கப்பலில் போனார்கள். மெட்ராஸில் அடிபட்ட கண்ணை எடுத்தார்கள், மற்றதைக் காப்பாற்ற என்னென்னவோ செய்து பார்த்தார்கள். இன்னும் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அங்கே கேட்டார்களாம். ஐந்து மாதம் கழித்துத் தங்கை அவரைக் கைபிடித்து ஜெட்டியில் இறக்கினாள். முப்பத்து நாலு வயது அவருக்கு.

கூப்பு வேலை போயிற்று. டாலிகஞ்சிலேயே ஒரு சின்னக் கடை வைத்துக்கொண்டார்கள். உப்பு, பீடி, மண்ணெண்ணெய், தேங்காய். தங்கை வியாபாரம் பார்ப்பாள். அவர் உள்ளே பாயில் உட்கார்ந்து பீடிக்கட்டுகளைத் தடவித் தடவி அடுக்குவார். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவேன். என் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும். நான் படியேறும் முன்பே "வாங்க மச்சான்" என்பார். முகம் முழுக்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை.

படா பாபு ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு நோட்டீஸில் எண் போடச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு கொடுக்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நானே அடித்தேன். 'திருத்தம் மூன்று. முந்தைய அறிவிப்புகள் செல்லாது.' மேலே இருந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை வருஷம் நாங்கள் பயந்தது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் ஆபீஸ் பியூன் ஒருவர் டாலிகஞ்சில்தான் குடியிருந்தார், பீடிக்குத் தங்கை கடைக்குத்தான் வருவார். நல்ல மனிதர், வாய் மட்டும் ஓயாது. எழுபதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன், ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது தங்கை கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணே, ஆபீஸ்ல வச்சுக்கிற காகிதத்துல மட்டும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அப்பவே எழுதி வைப்பீங்களாமே?"

"யார் சொன்னது?"

"எழுதுவீங்களா?"

"எழுதுவோம்."

"யாரு எழுதுறது?"

"நான்தான்மா."

"அந்த வியாழக்கிழமைக் காகிதத்துலயும் எழுதினீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். மூடாப்பாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னவன்தானே. ஆனால் வரவில்லை. "எழுதினேன்" என்றேன். "மூணுன்னு."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. தராசுத் தட்டில் ஒட்டியிருந்த உப்பை விரலால் வழித்துத் துடைத்தாள்.

"உங்களுக்கு மட்டும் தெரியும்படியா வச்சுக்கிட்டீங்க" என்றாள்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "யாரும்மா அங்க? மச்சானா வந்திருக்காங்க?"

தங்கை என்னை நேராகப் பார்த்தாள்.

"இல்லங்க. யாரோ தெரியாத ஆளு. கப்பல் எப்போன்னு கேட்டாரு. போயிட்டாரு."

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கினேன்.